கடாரத்துச் சிற்பிகள் வாசித்தவை

பழங்காலத்தில் கடாரம் எனப்பட்ட மலேசியாவின் கெடா மாநிலத்தின் சிற்ப வரலாறு இரு காலங்களைச் சேர்ந்தது. மெர்போக் ஆற்றை ஒட்டிய பூஜாங் பள்ளத்தாக்கின் கோயில்கள் முதற்காலத்துக்கு உரியவை. கூலிம், லுனாஸ், பாடாங் செராய் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் எழுந்த கோயில்கள் இரண்டாம் காலத்துக்கு உரியவை. இடையே பல நூற்றாண்டுகள் கிடக்கின்றன. ஆனாலும் இரு காலத்துச் சிற்பியும் ஓர் ஏட்டையோ பாட்டையோ படத்தையோ உள்வாங்கிய பிறகே கல்லிலும் சுதையிலும் கைவைத்தான். அவன் எதை வாசித்தான் என்று தேடிச் சென்றால் இவ்வட்டாரத்துத் தெய்வ உருவங்கள் எப்படி மாறின என்பது புலப்படும்.

இங்கே கல்லில் உளி பட்டதற்கான மிகப் பழைய சான்றுகள் எழுத்துகளாகவே இருக்கின்றன. கூலிமுக்கு அருகே, பினாங்கு மாநில எல்லைக்குள் புக்கிட் மெர்த்தாஜாமில் உள்ள செரோக் தோக்குன் பாறையில் பல்லவ எழுத்தை ஒத்த வரிகள் வெட்டப்பட்டுள்ளன. அதே வட்டாரத்தில் ஜேம்ஸ் லோ கண்டெடுத்த மகாநாவிகன் புத்தகுப்தனின் கல் 5ஆம் நூற்றாண்டு அளவினது. இன்று கொல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்தில் உள்ளது. கடற்பயணம் வெற்றி பெற வேண்டும் என்ற வேண்டுதலும் ஒரு தூபியின் உருவமும் அந்த ஒரே கல்லில் இடம்பெற்றுள்ளன. எழுத்து வெட்டும் தொழிலும் உருவம் செதுக்கும் தொழிலும் இங்கே சேர்ந்தே நடந்திருக்கின்றன.

பட்டினப்பாலை குறிப்பிடும் காழகம் கடாரமே என்பது அறிஞர் பலரின் கருத்து. 1930களில் தொல்லியலாளர் குவாரிச் வேல்ஸ் பூஜாங் பள்ளத்தாக்கில் அகழாய்வு செய்தபோது கோயில் அடித்தளங்களும், சுடுமண் பிள்ளையார் போன்ற சில உருவங்களும் வெளிப்பட்டன. இவற்றுள் புக்கிட் பத்து பாகாட் கோயிலை 1959-60இல் அலஸ்டர் லேம்ப் மீண்டும் எடுத்துக் கட்டினார். விமானமும் அதன் முன் மண்டபமும் கொண்ட அதன் அமைப்பு தென்னிந்தியக் கோயிலை நினைவூட்டுகிறது. அடித்தளத்தில் கல் பேழைகள் புதைக்கப்பட்டிருந்தன. அவற்றுள் செம்புக் கலங்களும் மணிகளும் இருந்தன. கருவறைக்கு அடியில் இவ்வாறு பேழை வைக்கும் முறையை மயமதம் போன்ற சிற்ப நூல்கள் கர்ப்பவிந்யாசம் என்று விரித்துச் சொல்கின்றன. ஏட்டுச் சுவடியாகவோ கைவினைஞரின் மனப்பாடமாகவோ அந்த அறிவு கடல் கடந்து வந்து சேர்ந்திருக்கிறது.

போக்குவரத்து ஒருவழியாக நடக்கவில்லை. சிறீவிசய, கடார அரசன் மாறவிசயோத்துங்கவர்மன் தன் தந்தையின் பெயரால் நாகப்பட்டினத்தில் சூளாமணி விகாரத்தை எழுப்பினான். அதற்குச் சோழ மன்னன் முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையாக்கியதை லெய்டன் செப்பேடுகள் சொல்கின்றன. 1856 முதல் நாகப்பட்டினத்தில் கிடைத்த 350க்கும் மேற்பட்ட பௌத்தப் படிமங்கள் அந்த உறவின் காலத்தை ஒட்டியும் பின்னும் வார்க்கப்பட்டவை. 1025இல் அவன் மகன் இராசேந்திரனின் கடற்படை கடாரத்தைத் தாக்கியது. பிற்பாடு துறைமுகங்கள் மங்கின, சமயச் சூழல் மாறியது, கோயில் கட்டும் வழக்கமும் அற்றுப்போனது.

பல நூற்றாண்டுகள் கழித்து, 1909இல் கெடா சயாமின் மேலாட்சியிலிருந்து பிரிட்டிஷாரிடம் வந்தது. ரப்பர் தோட்டங்கள் பெருகின. கங்காணிகள் வழியே தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து ஆட்கள் வந்தனர். 1938இல் இந்திய அரசு அந்த ஆள்சேர்ப்பைத் தடுக்கும் வரை வரத்து நீடித்தது. வந்தவர்கள் மாரியம்மனையும் காளியம்மனையும் முனியாண்டியையும் உடன் கொண்டுவந்தார்கள். சிற்பிகள் அவர்களோடு வரவில்லை. ஆகவே மரத்தடியில் நட்ட கல், சூலம், வேல், அரிவாள் ஆகியவையே முதல் திருமேனிகளாயின. அம்மனின் தோற்றம் தாலாட்டிலும் வர்ணிப்பிலும் உடுக்கைப் பாட்டிலும் இருந்தது. எழுத்தறியாத தொழிலாளியும் அந்தப் பாட்டைக் கேட்டுத் தெய்வத்தை முழுமையாகக் கண்டான். நட்ட கல்லை வளர்ச்சி குன்றிய சிற்பம் என்று தள்ளிவிடுவது அந்த மக்களின் ஞானத்தைக் குறைத்து மதிப்பிடுவதாகும்.

அடுத்து வந்த செல்வாக்கு அச்சுப்படம். 1894இல் தொடங்கிய ரவிவர்மாவின் அச்சகமும், பின்னாளில் கோவில்பட்டி கொண்டையராஜூவும் அவர் மாணவர்களும் வரைந்த நாட்காட்டிப் படங்களும் தெய்வங்களுக்குச் சதைப்பற்றும் பட்டுச்சேலையும் புன்சிரிப்பும் தந்தன. கடல் கடந்த தமிழர் வீடுகளின் பூசை மாடங்களிலும் அவை இடம்பெற்றன. தோட்டத்துக் கோயில்களில் சிமெண்டுச் சிலை வைக்கும் வசதி வந்தபோது, மக்கள் மனத்தில் பதிந்திருந்த இந்த முகங்களையே சிற்பியிடம் கேட்டனர்.

குடமுழுக்குத் திருப்பணிக்காகத் தமிழ்நாட்டு ஸ்தபதிகள் வரத் தொடங்கியதும் ஏட்டுக் கல்வி மீண்டும் நுழைந்தது. ஸ்தபதியின் அடிப்படை வாசிப்பு இரு வகை. தியான சுலோகம் கைகள், ஆயுதம், நிறம், இருக்கை ஆகியவற்றைச் சொல்லும். தாளமானம் அளவைச் சொல்லும். உத்தம தசதாளத்தில் திருமேனியின் உயரம் 124 பங்கு. தேவியருக்கு உரிய மத்திம தசதாளத்தில் 120 பங்கு. முனியாண்டி, மதுரைவீரன் போன்ற காவல் தெய்வங்களுக்கு ஊர் வழக்கமும் பூசாரியின் சொல்லுமே வழிகாட்டி. எனவே ஒரே கோபுரத்தில் நூல்வழி உருவமும் நினைவுவழி உருவமும் அருகருகே நிற்கின்றன.

இந்த வாசிப்பு மரபைத் தற்காலத்தில் மிகத் தெளிவாகக் காட்டியவர் வை. கணபதி ஸ்தபதி (1927-2011). பிள்ளையார்பட்டியில் பிறந்து கணிதம் பயின்ற அவர், 1957இல் மாமல்லபுரத்தில் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரிக்குத் தம் தந்தை வைத்தியநாத ஸ்தபதிக்குப் பின் முதல்வரானார். புராணச் சிற்பி மயனின் பெயரில் வழங்கும் ‘ஐந்திறம்’ என்ற நூலைச் சிற்பத்தின் தத்துவமாகக் கொண்டார். நடு அமெரிக்காவின் மாயர் கட்டடங்களையும் மயன் மரபோடு இணைத்துப் பேசினார். அந்த இணைப்பை வரலாற்றாய்வாளர்கள் ஏற்கவில்லை. ஆனால் நூலை உருவமாக்கும் அவருடைய ஆற்றல் ஐயத்துக்கு இடமற்றது. 2000 சனவரி 1இல் திறக்கப்பட்ட கன்னியாகுமரி வள்ளுவர் சிலையில் 38 அடிப் பீடம் அறத்துப்பாலின் 38 அதிகாரங்கள்; அதன்மேல் நிற்கும் 95 அடி உருவம் பொருள், இன்பத்துப் பால்களின் 95 அதிகாரங்கள். குறளின் கட்டமைப்பே சிலைக்கு அளவுகோலாயிற்று.

மலேசியாவில் இதே மரபு கான்கிரீட்டுக்கு மாறியது. 2006 சனவரியில் பத்துமலையில் திறக்கப்பட்ட 42.7 மீட்டர் முருகன் சிலையைத் திருவாரூர் தியாகராஜன் ஸ்தபதி தலைமையில் தமிழ்நாட்டுச் சிற்பிகள் எழுப்பினர். அதன்பின் உயரமான சிலை வேண்டும் என்ற ஆசை நாட்டின் பல கோயில்களிலும் பெருகியது.

கெடாவில் ரப்பர் காடுகள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் ஆலைகளுக்கும் இடம்விட்டன. 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. தோட்டம் மூடப்படும்போது கோயில் இடம்பெயர்கிறது அல்லது மறைகிறது. முதற்காலத்துக் கோயில்களும் தப்பவில்லை. 2013இல் சுங்கை பத்து தோட்டத்தில் பழங்கோயில் ஒன்றின் அடித்தளம் நில மேம்பாட்டுப் பணியில் இடித்துத் தள்ளப்பட்டது பேரிழப்பு. மெர்போக்கிலுள்ள அருங்காட்சியகம் பூஜாங்கின் எச்சங்களைக் காத்துவருகிறது. தோட்டத்து நட்ட கற்களுக்கும் பழைய சுதைச் சிலைகளுக்கும் அத்தகைய பாதுகாப்பு வேண்டும். படமும் அளவும் வழிபாட்டுப் பாட்டும் பதிவாக வேண்டும். இனி இம்மண்ணில் உளி பிடிப்பவருக்கு மயமதத்தோடு சேர்த்து வாசிக்க வேண்டிய பாடநூல் அந்தப் பதிவே.