குழந்தைகள் நலத் தொண்டு நிறுவனங்களில் நிர்வாக மாற்றம் (விழுப்புரம், திண்டிவனம்)

குழந்தைகள் இல்லம், மாலைநேரப் படிப்பு மையம், சிறப்புப் பள்ளி போன்றவற்றை நடத்தும் உள்ளூர்த் தொண்டு நிறுவனங்களில் தலைவர், செயலாளர், பொருளாளர், அறங்காவலர் ஆகியோர் மாறும் முறையும், அதைக் கட்டுப்படுத்தும் சட்டங்களும் இக்கட்டுரையின் பொருள். விழுப்புரம் மாவட்டத்தில் இந்த மாற்றம் இரு அலுவலகங்களைத் தொட்டுச் செல்கிறது. யார் செயலாளர் என்பதைப் பதிவுத் துறை பார்க்கிறது. அவர் பொறுப்பில் உள்ள குழந்தை எப்படி இருக்கிறது என்பதைக் குழந்தைகள் பாதுகாப்பு அமைப்பு பார்க்கிறது. திண்டிவனம் தனிப் பதிவு மாவட்டம் என்பதால், அந்தப் பக்கத்துச் சங்கம் ஒன்று நிர்வாகிகள் பட்டியலைத் திண்டிவனம் மாவட்டப் பதிவாளரிடம் கொடுக்கும். குழந்தை தொடர்பான காரியத்துக்கோ, சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி விழுப்புரத்தில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கும் போக வேண்டும். இந்த இரண்டு கோப்புகளும் தாமாக ஒன்றையொன்று சந்திப்பதில்லை. நிர்வாகத் தகராறுகளில் குழந்தை மறக்கப்படுவதற்கு இதுவே முதற்காரணம்.

பின்னணி

தென்னார்க்காடு பிரிக்கப்பட்டு விழுப்புரம் மாவட்டம் 1993 செப்டம்பர் 30 அன்று உருவானது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி அதிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு இடம்பெயரும் உழைப்பாளிகள், இருளர் குடியிருப்புகள், 2004 சுனாமியில் அடிபட்ட மரக்காணம் கடற்கரை ஆகியவை விழுப்புரம் மாவட்டத்தில் குழந்தைகளுக்கான தொண்டுப் பணியை அவசியமாக்கின. தொண்டு முயற்சிகள் பெரும்பாலும் ஒரு தனிமனிதரின் அக்கறையில் பிறக்கின்றன. திண்டிவனம் ரோசணையில் பேராசிரியர் பிரபா கல்விமணியின் முயற்சியால் எழுந்த தாய்த்தமிழ்ப் பள்ளி அப்படிப்பட்ட முன்முயற்சிக்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு. நிறுவனர் இருக்கும்வரை எல்லாம் அவர் கையெழுத்தில் நடக்கும். அவருக்குப் பின் யார் என்ற கேள்வி வரும்போதுதான் நிறுவனத்தின் துணைவிதிகளான பைலாவைத் தேடி எடுப்பார்கள்.

சங்கம், அறக்கட்டளை

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இல் இயற்றப்பட்டு 1978-இல் நடைமுறைக்கு வந்தது. சங்கம் தொடங்கக் குறைந்தது 7 பேர் வேண்டும். செயற்குழுவில் குறைந்தது 3 பேர் இருக்க வேண்டும். அவர்களின் பதவிக்காலம் 3 ஆண்டுகளுக்கு மேற்படக் கூடாது, மறுபடியும் தேர்ந்தெடுக்கப்படலாம். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட வேண்டும். பைலாவைத் திருத்தச் சிறப்புத் தீர்மானம் தேவை. அதற்கு 21 நாள் முன்னறிவிப்பும், வந்திருந்து வாக்களிக்கும் உரிமையுள்ளவர்களில் நான்கில் மூன்று பங்கினரின் ஆதரவும் வேண்டும்.

நிர்வாகிகள் மாறியதும் படிவம் 7 மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் ஆக வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட்ட அன்றே மாற்றம் முடிந்துவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். நடைமுறையில் வங்கி கேட்பது பதிவாளர் அலுவலகத்தின் சான்றிட்ட நகலைத்தான். அது கைக்கு வரும்வரை பழைய பொருளாளரின் கையெழுத்தில்தான் காசோலை செல்லும். அவர் மனக்கசப்போடு விலகியிருந்தால் அரிசிக் கடைப் பாக்கி, பால் கணக்கு, சமையல்காரர் சம்பளம் எல்லாம் அங்கேயே நின்றுவிடும். ஆகவே விலகும் நிர்வாகியிடம் ராஜினாமாக் கடிதம் வாங்கும் நாளிலேயே கணக்குப் புத்தகம், சொத்துப் பத்திரம், காசோலைப் புத்தகம், முத்திரை ஆகியவற்றைப் பட்டியலிட்டுப் பெற்றுக்கொள்வது அவசியம்.

போட்டிப் பட்டியல் இரண்டு வந்தால் சிக்கல் பெரிதாகும். பிரிவு 36-இன்படி பதிவாளர் விசாரணை நடத்தலாம். செயற்குழுவின் பெரும்பான்மையோ, உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினரோ, மாவட்ட ஆட்சியரோ அதைக் கோரவும் முடியும். ஆனால் எந்த அணி உண்மையான நிர்வாகம் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் பதிவாளருக்கு இல்லை என்பதை, கரிசல் சுவி டேவிட் நினைவு மேல்நிலைப் பள்ளிக் குழு தொடர்பான 2005 வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. உரிமையியல் நீதிமன்றம்தான் வழி. அங்கே வழக்கு நடக்கும் காலத்தில் ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பள்ளிப் படிப்பையே முடித்துவிடக்கூடும்.

அறக்கட்டளையின் நிலை வேறு. அதை ஆள்வது அறக்கட்டளைப் பத்திரம். பொதுக்குழுவோ கட்டாயத் தேர்தலோ கிடையாது. பொது அறக்கட்டளையின் அறங்காவலரை நீக்க உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 92 உதவும். அதன்படி அரசுத் தலைமை வழக்கறிஞரோ, நீதிமன்ற அனுமதி பெற்ற அக்கறையுள்ள இருவரோ வழக்குத் தொடரலாம். அடுத்த அறங்காவலரை யார் நியமிப்பது என்பதைப் பத்திரம் எழுதும்போதே சொல்லிவிடாத அறக்கட்டளை, நிறுவனர் மறைந்ததும் குடும்பச் சொத்துத் தகராறு போல ஆகிவிடுகிறது.

வெளிநாட்டு நன்கொடை பெறும் நிறுவனம் முக்கிய நிர்வாகிகளின் மாற்றத்தை ஒன்றிய உள்துறை அமைச்சகத்துக்கும் தெரிவிக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பின் அவர்களின் ஆதார் விவரமும் கட்டாயம்.

குழந்தைப் பாதுகாப்புச் சட்டத்தின் பிடி

குழந்தைகளைத் தங்கவைக்கும் எந்த அமைப்பும் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 41-இன்கீழ்த் தனியாகப் பதிவாக வேண்டும். அப்பதிவு 5 ஆண்டுகளுக்குச் செல்லும். பதிவின்றி நடத்தினால் ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இப்பதிவு நாடெங்கும் கண்டிப்பானதில் தமிழ்நாட்டுக்குப் பங்குண்டு. மாமல்லபுரம் பகுதி அநாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவதாக வந்த செய்தியின் பேரில் 2007-இல் உச்சநீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கில் 2017 மே 5 அன்று தீர்ப்பு வந்தது. எல்லாக் குழந்தைகள் இல்லங்களும் அவ்வாண்டு இறுதிக்குள் பதிவாக வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. 2021 திருத்தம் ஆட்சியரின் பொறுப்பைக் கூட்டியது. பதிவு வழங்குமுன் அவருடைய பரிந்துரை கருதப்படுகிறது.

இளைஞர் நீதிச் சட்டத்தின் 2016 மாதிரி விதிகள் ஒவ்வோர் இல்லத்துக்கும் ஒரு மேலாண்மைக் குழுவும், அங்குள்ள பிள்ளைகளே உறுப்பினர்களாகும் குழந்தைகள் குழுவும் வேண்டும் என்கின்றன. சங்கத்தில் வாக்குரிமை இல்லாத குழந்தைக்கு நிர்வாகத்தில் குரல் கொடுக்கும் ஏற்பாடு இந்தக் குழந்தைகள் குழுதான். சாப்பாடு, படுக்கை, அடி, திட்டு பற்றி அங்கே பேசலாம்; புகார்ப்பெட்டியிலும் எழுதிப் போடலாம். புதிய செயலாளர் பொறுப்பேற்றதும் முதலில் படிக்க வேண்டியது அந்தக் குழுவின் குறிப்பேட்டையும், ஒவ்வொரு குழந்தைக்கும் உள்ள தனிநபர் பராமரிப்புத் திட்டத்தையும்தான். கணக்குப் புத்தகம் அதற்கு அடுத்துதான் வர வேண்டும். பிள்ளையின் தாய் எந்தச் சூளையில் இருக்கிறாள், விடுமுறைக்கு யாருடன் அனுப்பக் கூடாது என்பவை பழைய வார்டனின் நினைவில் மட்டும் இருந்தால், அவர் விலகும் நாளில் அவையும் போய்விடும்.

விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் பெரியவர்களுக்காக நடந்த ஆசிரமம் ஒன்றைப் பற்றி 2023 பிப்ரவரியில் எழுந்த வழக்கு சிபிசிஐடி விசாரணைக்குச் சென்றது. அது குழந்தைகள் இல்லம் அன்று. ஆயினும் உரிமம், ஆய்வு, உள்ளே இருப்பவர்களின் பதிவேடு ஆகியவை பற்றி அது எழுப்பிய கேள்விகள் குழந்தைகள் இல்லங்களுக்கும் பொருந்தும்.

நிறுவனம் மூடப்படும்போது

சங்கம் கலைக்கப்பட்டால், கடன் போக மீதமுள்ள சொத்தை உறுப்பினர்கள் பங்கிட்டுக்கொள்ள முடியாது. ஒத்த நோக்கமுள்ள வேறொரு சங்கத்துக்கே அது போகும். இளைஞர் நீதிச் சட்டப் பதிவு ரத்தானால், அது மீண்டும் கிடைக்கும்வரை இல்லத்தை மாநில அரசு நடத்த வேண்டும். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவதா, வேறு இல்லத்தில் சேர்ப்பதா என்பதைக் குழந்தைகள் நலக் குழுவே முடிவு செய்கிறது. ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட இக்குழுவின் உத்தரவு இல்லாமல், வெளியேறும் நிர்வாகமோ உள்ளே வரும் நிர்வாகமோ ஒரு குழந்தையைக்கூட இடம் மாற்றக் கூடாது.