கூழ் காலமும் தொப்பைக் காலமும்

எங்க ஒலக்கூர் பக்கம் வேர்க்கடலைக்குப் பேரு மல்லாட்டை. மணிலாக் கொட்டைதான் அப்படி மருவிடுச்சு. பழைய தென்னார்க்காட்டுக்குக் காசு தந்த பயிர் அது. வயித்துக்கு கேழ்வரகும் கம்பும். நெல்லுச்சோறு நாள் கிழமைக்குத்தான்னு பெருசுங்க சொல்லுவாங்க.

1966-ல் ஐ.ஆர்.8 நெல் வந்துச்சு. அதுவும் பிலிப்பைன்ஸ் சரக்குதான்! கிணத்துக்கு மோட்டார் வந்துச்சு. ரேஷன் அரிசி 2008-ல் கிலோ 1 ரூபாய், 2011-லிருந்து இலவசம். பசி கொறைஞ்சது பெரிய சாதனை மக்களே, அதுல மாற்றுக்கருத்தே இல்ல. ஆனா ஏத்தம் இறைச்ச கை இப்போ சுவிட்சைத் தட்டுது. சோத்தோட அளவு மட்டும் கொறையல.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி, தமிழ்நாட்டுப் பெண்கள்ல எடை கூடினவங்க 2015-16-ல் 30.9 சதவீதம், 2019-21-ல் 40.4. ஆண்கள் 28.2-லிருந்து 37.

மறுபடி கூழ் குடிச்சா சரியாயிடுமா? அது மட்டும் போதாது. கேழ்வரகுலயும் அரிசிலயும் கலோரி கிட்டத்தட்ட ஒண்ணுதான். காணாமப்போனது உடம்பு வேலை. பொட்டி தட்டுற நமக்கு அதுக்கு ஈடு தினமும் நடக்கிறது, ஒரு கரண்டி சோத்தைக் கொறைச்சுக் காயைக் கூட்டுறது. ஒரு மாசத்துக்கு இல்ல, ஆயுசுக்கும். வள்ளுவர் 'மருந்து'ன்னு தலைப்பு வச்சிட்டு, செரிச்சப்புறம் அளவாத் தின்னுன்னுதானே சொல்லியிருக்கார் :-)

உங்க ஊர்ல கதை எப்படி?