ஊருணித் தண்ணீரும் ஆர்.ஓ. இயந்திரமும்

ராமநாதபுரம் சீமையில் பல ஊர்களில் கிணறு தோண்டினால் உப்புத் தண்ணீர்தான் ஊறும். மழைநீர் தேங்கும் ஊருணியில் உப்பு கிடையாது. ஆனால் களிமண் கரைந்து பழுப்பாகக் கலங்கிக் கிடக்கும். குடிக்க எது, புழங்க எது என்பதில் அந்த மக்களுக்குக் குழப்பமே இருந்ததில்லை. உப்பைப் பிரிக்க வழி இல்லை, கலங்கலைத் தெளிய வைக்க வழி உண்டு. ஆகவே குடிக்க ஊருணித் தண்ணீர். மண்பானையின் உட்புறத்தை நனைத்து, அதில் தேத்தாங்கொட்டையை வட்டமாகத் தேய்த்து, தண்ணீரை ஊற்றி அசையாமல் வைப்பார்கள். கொட்டையில் உள்ள பொருள்கள் நுண்ணிய மண்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் கனமாக்கி அடியில் படியவைக்கும். கலித்தொகையில் மனம் தெளிவதற்கு இதை உவமை சொல்லியிருப்பதால், வழக்கம் எவ்வளவு பழையது என்பது தெரிகிறது. தண்ணீரின் குறை என்ன என்று முதலில் பார்த்து, அதற்கேற்ற வைத்தியத்தைப் பிறகு தேடிய இந்த முறைதான் நீர் சுத்திகரிப்பின் வரலாறு முழுக்க வென்றிருக்கிறது. இன்று வீட்டுக்கு வடிகட்டி வாங்கும்போது நாம் தலைகீழாகப் போகிறோம்: கருவியை முதலில் வாங்கிவிடுகிறோம், தண்ணீரில் என்ன குறை என்று கேட்பதே இல்லை.

கிருமி என்னும் குறைக்கு விடை கிடைத்த கதையைப் பாருங்கள். 1892இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் காலரா பரவி எட்டாயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். அதை ஒட்டியே இருந்த ஆல்டோனா நகரும் அதே எல்பே ஆற்று நீரைத்தான் குடித்தது, அதுவும் ஹாம்பர்க்கின் கழிவு கலந்த பிறகு. ஆனால் ஆல்டோனா நீரை மணல் படுகையில் மெல்ல வடித்துக் கொடுத்தது, பெரும்பாலும் தப்பித்தது. சென்னைக்கு இந்தப் பாடம் தாமதமாகத்தான் வந்தது. 1772இல் ஏழுகிணறு, 1872இல் புழல் ஏரி என்று நகரம் நீராதாரத்தைத் தேடிக்கொண்டே போனதே தவிர, ஏரி நீர் வடிக்கப்படாமலேதான் வந்துகொண்டிருந்தது. 1914இல்தான் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிப்பான்கள் இயங்கத் தொடங்கின. மணலின் மேற்பரப்பில் படரும் வழவழப்பான உயிர்ப்படலம் கிருமிகளைப் பிடித்துத் தின்றுவிடும்; உப்பை அது தொடாது. பின்னாளில் வீடுகளுக்கு வந்த எவர்சில்வர் ஃபில்டரின் பீங்கான் கேண்டிலும், 1980களில் பரவிய புற ஊதாக் கதிர் இயந்திரமும் அதே வகைதான்: கிருமிக்கு மருந்து, உப்புக்கு அல்ல.

உப்புக்கு விடை மிகப் பிற்பாடுதான் கிடைத்தது. 1950களின் இறுதியில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப், சீனிவாச சௌரிராஜன் இருவரும் உருவாக்கிய ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடு பரவல்) சவ்வு, கடல்நீரைக் குடிநீராக்கும் கனவிலிருந்து பிறந்தது. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைச் சுத்திகரிப்பது அந்த வழியில்தான். கடலோரத்தில் ஆழ்துளைக் கிணறு உப்பேறிய வீடுகளுக்கு ஆர்.ஓ. தேவையே. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீரைக் காய்ச்சினால் ஃபுளோரைடு குறையாது, தண்ணீர் வற்றும்போது செறிவுதான் கூடும், அங்கும் ஆர்.ஓ. உதவும்.

அப்படியானால் எல்லாவற்றையும் நீக்கும் ஆர்.ஓ.வையே எல்லா வீட்டிலும் மாட்டிவிட்டால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஆனால் அதன் விலையை யாரும் முழுதாகச் சொல்வதில்லை. வீட்டு இயந்திரங்கள் பல, ஒரு லிட்டர் தருவதற்குள் மூன்று லிட்டர் வரை சாக்கடைக்கு அனுப்புகின்றன. கால்சியம், மக்னீசியமும் கூடவே போய்விடுகின்றன. கரைந்த திடப்பொருள் (டி.டி.எஸ்.) லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பதை இந்தியத் தர நிர்ணயம் ஏற்கிறது. அதற்குக் குறைவான நீருக்கு ஆர்.ஓ.வைத் தடை செய்யச் சொல்லி 2019இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. இருந்தும் விற்பனை நிற்கவில்லை, காரணம் பயம். விற்க வருபவர் இரண்டு டம்ளர்களில் உலோகக் கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சுவார். குழாய்த் தண்ணீர் துருநிறமாகும், ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாக நிற்கும். அந்தத் துரு தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை, இரும்புக் கம்பி கரைந்து வந்தது. உப்பு நீக்கிய நீரில் மின்சாரம் சரியாகப் பாயாததால் கம்பி கரைவதில்லை, அவ்வளவுதான். கையில் அவர் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டருக்கும் கிருமி தெரியாது.

முன்னோர் வழியே போதும், இயந்திரமே வேண்டாம் என்பவர்களின் பேச்சையும் ஏற்க முடியவில்லை. தேத்தாங்கொட்டை தெளிய வைக்கும். தெளிந்த நீரிலும் காலராக் கிருமி இருக்கும். பழமையின் மீதுள்ள பாசம் குழந்தையின் வயிற்றுப்போக்கை நிறுத்தாது. அதேசமயம், எளிய கருவி என்பதாலேயே ஒன்றை ஒதுக்கிவிடவும் கூடாது. குளங்களிலும் படிக்கிணறுகளிலும் இருந்த நுண்ணிய நீர்ப்பூச்சி வழியே பரவிய நரம்புச் சிலந்தி நோயைத் தடுப்பதில் நெருக்கமான நெசவுள்ள வடிதுணி பெரும்பங்கு வகித்தது; 2000இல் இந்தியா அந்நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. குறை பூச்சி என்று தெரிந்ததால் துணியே போதுமானதாயிற்று.

ஆகவே கடைக்குப் போகும் முன் உங்கள் வீட்டுத் தண்ணீரைப் பரிசோதியுங்கள். மாவட்டங்களில் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்கள் கட்டணம் பெற்றுக்கொண்டு இதைச் செய்கின்றன. உப்பு, கடினத்தன்மை, ஃபுளோரைடு, நைட்ரேட் ஆகியவற்றோடு கோலிஃபார்ம் கிருமியையும் பார்க்கச் சொல்லுங்கள். ஏரி, ஆற்று நீர் குழாயில் வரும் வீட்டில் உப்பு குறைவாக இருந்தால் கேண்டிலும் புற ஊதாக் கதிரும், அதுவும் இல்லையென்றால் கொதிக்கக் காய்ச்சுவதும் போதும். அறிக்கையில் உப்போ ஃபுளோரைடோ நைட்ரேட்டோ அளவை மீறியிருந்தால் மட்டும் ஆர்.ஓ. வாங்குங்கள், அது தள்ளும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்துத் தரை துடைக்கவாவது வைத்துக்கொள்ளுங்கள்.