பழவேற்காட்டுப் பெரிய கத்ரீன்

பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்து வருகிறவர்கள் முதலில் அவற்றோடுதான் செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள். உள்ளே எழுபதுக்கு மேற்பட்ட கல்லறைகள். இறந்தவரின் பெயர், பதவி, நாள் எல்லாம் ஆழமாக வெட்டிய எழுத்தில் இருக்கின்றன. மூன்றரை நூற்றாண்டு உப்புக்காற்றால் அவற்றை முழுதாகத் தின்ன முடியவில்லை.

அவர்கள் ஹாலந்திலிருந்து வந்து இந்த மண்ணுக்குள் போனவர்கள். சென்ற வாரம் அவர்களைப் பார்த்தோம். இந்த வாரம் கப்பல் எதிர்த்திசையில் போகிறது. இங்கிருந்து கொண்டுபோகப்பட்டு, ஆப்பிரிக்காவின் தென்கோடியில் ஒரு பெரிய விவசாயக் குடும்பத்துக்கு மூலமான ஒரு பெண்ணின் கதை இது. அவளுக்குக் கல்லறை கிடையாது. அவள் பிறந்தபோது வைத்த பெயரும் எந்த ஏட்டிலும் இல்லை.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏடுகளில் அவள் பெயர் ‘க்ரோட்டே கத்ரீன் வான் பாலியகட்டா’. க்ரோட்டே என்றால் பெரிய. வான் என்றால் ‘இந்த ஊரைச் சேர்ந்த’. பாலியகட்டா நம் பழவேற்காடு. ஆகப் பழவேற்காட்டுப் பெரிய கத்ரீன். அடிமைகளுக்கு ஒரு கிறிஸ்தவப் பெயரும், கப்பல் ஏற்றிய துறைமுகம் அல்லது கரையின் பெயரும் சேர்த்து எழுதிவிடுவது குமாஸ்தாக்களின் வழக்கம். வங்காளத்து அந்தோணி, மலபார் கிளாஸ் என்று ஏடு முழுக்க இப்படித்தான். பெயர் சொல்வது அதை மட்டுமே. குடியும் வீடும் கரையிலேயே நின்றுவிடும்.

கத்ரீன் பிறந்தது 1631 வாக்கில். டச்சுக்காரர்கள் இங்கே 1610இல் வணிகக் கிடங்கு திறந்து, 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி முடித்திருந்தார்கள். பழவேற்காடு என்றதும் பலரும் துணியைச் சொல்வார்கள், வெடிமருந்து ஆலையைச் சொல்வார்கள். மனிதர்களையும் விற்றார்கள் என்பதைச் சற்று மெதுவாகத்தான் சொல்கிறோம். 1622–23இல் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைகளிலிருந்து 1,900 பேர் வரை அடிமைகளாக ஏற்றப்பட்டார்கள். மழை பொய்த்தால் அரிசி விலை ஏறும், மனிதர் விலை இறங்கும். கோல்கொண்டாப் படைகள் தெற்கே இறங்கிய 1640களில் போரும் பஞ்சமும் கைகோத்தன. 1646இல் மட்டும் சோழமண்டலக் கரையிலிருந்து பட்டேவியாவுக்குப் போன அடிமைகள் 2,000க்கும் அதிகம். பெற்றவர்களே பிள்ளையை விற்ற வருடங்கள் அவை. கடனுக்குப் பிடித்துக்கொடுத்தவர்கள் உண்டு, ஊருக்குள் புகுந்து தூக்கிப்போன தரகர்களும் உண்டு.

கத்ரீன் கப்பல் ஏறிய கரையில், கோட்டையை ஒட்டிய குப்பத்துக்கு இன்றும் கோட்டைக்குப்பம் என்றே பெயர். கோட்டை இருந்த இடத்தில் இப்போது சீமைக்கருவேலம் மண்டிக்கிடக்கிறது. பழவேற்காடு ஏரியில் வலை போடும் உரிமைக்கு ‘பாடு’ என்று பெயர். எந்தக் குப்பம், எந்த நாள், எந்த இடம் என்பதை முறைவைத்தும் சீட்டுப் போட்டும் பிரிக்கிறார்கள். தலைக்கட்டு ஆண்களுக்குத்தான் அதில் பங்கு. பெண்கள் பலர் வலையே இல்லாமல் மீன்பிடிக்கிறார்கள். ஆழமில்லாத இடத்தில் சேற்றில் உட்கார்ந்து நகர்ந்தபடி இரு கைகளாலும் தடவி இறால் பிடிப்பார்கள். பனையோலைப் பறியின் விளிம்பு பல்லிடுக்கில் இருக்கும். கை இறாலைப் பற்றியதும் தலையைச் சற்றே சாய்த்து அதற்குள் போடுவார்கள். வாய் திறந்து பேச முடியாத வேலை.

கத்ரீன் போய்ச்சேர்ந்த பட்டேவியா என்பது இன்றைய ஜகார்த்தா. அங்கே 1656இல் கத்ரீன் கொலைக்குற்றவாளியாக நீதிமன்றத்தில் நின்றாள். இறந்தவன் கிளாஸ் என்ற இன்னோர் அடிமை. மலபாரிலிருந்து கொண்டுவரப்பட்டவன், அவளுடைய காதலன். அவன் அடித்தான், தன்னைக் காத்துக்கொள்ள அவள் திருப்பித் தாக்கினாள், அவன் செத்துப்போனான். தீர்ப்பு மரண தண்டனை. பிறகு மனமிரங்கி அதை ஆயுள் நாடுகடத்தலாக மாற்றி, ஹாலந்து திரும்பும் கப்பலில் ஏற்றி, வழியில் நன்னம்பிக்கை முனையில் இறக்கிவிடச் சொன்னார்கள்.

முனை அப்போது ஊரே அல்ல. யான் வான் ரீபெக் 1652இல் அங்கே இறங்கியது, போகிற வருகிற கப்பல்களுக்குத் தண்ணீரும் காய்கறியும் இறைச்சியும் கொடுக்க. மாதக்கணக்கில் கடலில் இருந்து ஈறு வீங்கிச் சாகும் மாலுமிகளுக்கு அந்தக் கீரைதான் மருந்து. கத்ரீன் வந்திறங்கியது 1657 பிப்ரவரியில், ‘பிரின்ஸ் வில்லெம்’ கப்பலில். அதே பிப்ரவரியில்தான் கம்பெனி தன் ஊழியர்களில் ஒன்பது பேரை விடுவித்து, லீஸ்பீக் ஆற்றங்கரையில் நிலம் கொடுத்து, உழுது பிழைத்துக்கொள்ளுங்கள் என்றது. தென்னாப்பிரிக்காவின் வெள்ளைக் குடியானவர் வரலாறு அந்த ஒன்பது பேரிடம் தொடங்குவதாகப் பாடப்புத்தகங்கள் சொல்லும். அந்த வரலாற்றின் முதல் மாதத்திலேயே பழவேற்காட்டுக்காரி ஒருத்தி கரையில் நின்றாள்.

முனையின் கோட்டையில் தளபதி வீட்டுத் துணி துவைப்பது அவள் வேலை. வான் ரீபெக் போனார், வாகனேர் வந்தார், அவரும் போனார். அழுக்குத்துணி மட்டும் வந்துகொண்டேயிருந்தது. ஹைடல்பெர்க் நகரத்துச் சிப்பாய் ஹான்ஸ் கிறிஸ்டோஃபல் ஸ்நைமன் அப்போதுதான் வருகிறான். இரவுக் காவலை விட்டுவிட்டு அவளைத் தேடிப் போய் மாட்டிக்கொண்டதற்கு அவனுக்குக் கிடைத்த இடம் ராபன் தீவு. ஆம், முந்நூறு ஆண்டுகள் கழித்து மண்டேலாவை அடைத்துவைத்த அதே தீவுதான். கத்ரீனுக்கு 1668இல் ஞானஸ்நானம் ஆயிற்று. அடுத்த ஆண்டு மார்ச்சில் அவள் மகனுக்கும், பெயர் கிறிஸ்டோஃபல்.

சிப்பாய் அதன்பின் கதையில் இல்லை. 1671இல் அவள் வங்காளத்து அந்தோணியை மணந்தாள். அவனும் அடிமையாக வந்து விடுதலை பெற்றவன். மேசை மலைக்குக் கீழே தோட்டம் வைத்திருந்தான். தண்டனைக் கைதி சுதந்திரக் குடும்பப் பெண்ணாகிவிட்டாள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் அப்படி வாழ்ந்தாள். 1680களின் தொடக்கத்தோடு இருவர் பெயரும் ஏடுகளிலிருந்து நின்றுபோகின்றன.

மகனின் வாழ்க்கையில் நம்மூர்க்காரர்களுக்குத் தெரிந்த ஒருவர் குறுக்கிடுகிறார். கேரளத்துச் செடிகொடிகளைப் பற்றி ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்’ என்ற பெருநூலைத் தொகுப்பித்த வான் ரீட்தான் அவர். கம்பெனியின் ஆய்வாளராக இந்தியா வரும் வழியில் 1685இல் முனையில் தங்கியவர், ஓர் ஆணை போட்டார்: ஐரோப்பியர் முழு அடிமை ரத்தத்தவரை மணக்கக்கூடாது, பாதி ரத்தமானால் மணக்கலாம். கிறிஸ்டோஃபல் பாதி. சட்டம் அவனுக்கு விட்ட வழி அவ்வளவுதான். அதே வான் ரீட்தான் பிறகு இங்கே வந்து, சோழமண்டலத் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்துக்கு மாற்றினார். அது நடந்த 1690ஆம் ஆண்டில், கத்ரீனின் மகன் மார்கரீத் தெரேஸ் த சவோய் என்ற பெண்ணைக் கைப்பிடித்தான்.

பெண் வீடு லேசுப்பட்டதல்ல. அப்பா ஜாக் த சவோய், கென்ட் நகரத்து வணிகர். மத ஒடுக்குமுறைக்குத் தப்பி 1688இல் ‘ஊஸ்டர்லாந்து’ கப்பலில் குடும்பத்தோடு வந்த ஹூகனோ எனப்படும் புராட்டஸ்டண்ட். திராக்கன்ஸ்டைன் பகுதியில் ‘விரேடே என் லுஸ்ட்’ என்ற பண்ணையை ஏற்படுத்தியவர். அது இன்றும் ஒயின் பண்ணையாக இருக்கிறது. அந்தப் பள்ளத்தாக்கில் குடியேறிகளுக்கு ஆளுக்கு 60 மார்கன், ஏறத்தாழ 125 ஏக்கர் நிலம் கிடைத்தது. கோதுமை, திராட்சை, மாடு. மாப்பிள்ளையும் அங்கேயே விவசாயி ஆனான். அந்தப் பண்ணைகளில் குனிந்து நிமிர்ந்தவர்கள் மடகாஸ்கரிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்த அடிமைகள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கிறிஸ்டோஃபல் நாற்பதைத் தொடாமலே இறந்தான். மனைவி ஹென்னிங் வில்யூன் என்பவரை மறுமணம் செய்துகொண்டாள். பிள்ளைகள் வழியாக ஸ்நைமன் என்ற பெயர் நாடெங்கும் பரவியது. உலகக்கோப்பை ரக்பியில் அந்தப் பெயர் தாங்கிய ஆட்டக்காரர் ஆடியிருக்கிறார்.

இருபதாம் நூற்றாண்டில் இந்தக் குடும்ப மரங்களைப் புரட்டுவது சங்கடமான வேலையாயிற்று. கலப்பு மணத்தை 1949இல் தடைசெய்த நாடு அது. அந்த வெள்ளைக் குடியானவர்களின் வழிவந்த ஆஃப்ரிக்கானர்களின் மூதாதையரில் ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பங்கு ஐரோப்பியர் அல்லாதவர் என்று 1971இல் ஆய்வாளர் யோஹன்னஸ் ஹீஸ கணக்கிட்டார். 1984இல் ஹான்ஸ் ஹீஸ என்ற ஆய்வாளர் முனையின் கலப்புக் குடும்பங்களைப் பெயர் பெயராக அச்சிட்டபோது, நிறவாதம் பேசிக்கொண்டிருந்த சில அரசியல்வாதிகள் தம் குலப்பெயரை அதில் கண்டு கொதித்துப் போனார்கள்.

முனையின் அந்தப் பழைய விவசாயிகளின் பிள்ளைகள் நிலம் தேடி மாட்டுவண்டிகளில் உள்நாட்டுக்குப் போனபோது, வண்டிக்குள் படுக்க மரச்சட்டம் ஒன்றை ஏற்றிக்கொண்டார்கள். நான்கு பக்கச் சட்டம், நடுவே கயிற்றுக்குப் பதில் தோல்வாரைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியது. ஆஃப்ரிக்கான்ஸ் மொழியில் அதற்குப் பெயர் ‘காட்டல்’. போர்த்துகீசியர் வாயிலும் மலாய் வாயிலும் புகுந்து அங்கே போய்ச்சேர்ந்த நம் கட்டில்தான் அது.

(தொடரும்)