மறைந்த யாழும் மறையாத மஞ்சாவும்

நமது பழைய மாணவியர் சங்கம் நூறு ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், மாம்புரியிலும் அயலூர்களிலும் பிறந்து வளர்ந்து இன்று பல தேசங்களில் வாழும் நாம் எல்லோரும் ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். நாம் கேட்டு வளர்ந்த இசை எது? அதை எவரேனும் எழுதி வைத்தார்களா?

கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையில் இசைக்குக் குறைவிருந்ததில்லை. கரைவலை இழுப்போர் பாடிய அம்பாப் பாட்டு உண்டு. மண்டாடியின் குரலுக்கு மற்றவர்கள் பதில் பாட, அந்தத் தாளத்துக்கே கயிறு கரையேறும். தவக்காலத்தில் வியாகுலப் பிரசங்கத்தை இராகத்தோடு வாசிக்கக் கேட்டோம். கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்த யாகோமே கொன்சால்வெஸ் அடிகளார் எழுதிய நூல் அது. நோன்பு இரவுகளில் றபான் தட்டி, பைத்துப் பாடி, ஸஹருக்கு எழுப்பிச் செல்லும் பக்கீர்மார் இருந்தனர். தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு வருவோர் தத்தம் ஊர்ப் பாட்டுகளையும் கொண்டுவந்தனர். கலியாண வீடுகளில் பைலா இல்லாமல் பந்தி முடிந்ததில்லை.

ஆனால் இவற்றில் ஒன்றும் நமது சங்கீத வகுப்புக்குள் வரவில்லை. நாம் படித்தது சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் கீர்த்தனையுமே. 1931இல் தொடங்கிய வட இலங்கைச் சங்கீத சபை தரம் தரமாகப் பரீட்சைகள் நடத்தி, தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சாஸ்திரீய இசையை ஒழுங்காகக் கற்பிக்க வழி செய்தது. அது பெரும் பணி. அதன் பயனை நம்மில் பலர் அனுபவித்திருக்கிறோம். எனினும் வகுப்பறையில் படித்தது சங்கீதம், வெளியே கேட்டது வெறும் சத்தம் என்றொரு எண்ணமும் நமக்குள் வளர்ந்துவிட்டது. இசைக்கருவிகளை ஆராய்ந்த அறிஞர்கள் அவ்வாறு நினைக்கவில்லை.

எது இசைக்கருவி?

தமிழ் மரபு இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி எனப் பிரித்து, மனிதக் குரலை மிடற்றுக்கருவி என்று அவற்றோடு சேர்த்தது. வடமொழியில் பரதரின் நாட்டிய சாஸ்திரமும் கருவிகளை நான்காக வகுத்தது. 1876இல் வங்காளத்தைச் சேர்ந்த சௌரீந்திர மோகன் தாகூர் இந்திய இசைக்கருவிகளின் பெருந்தொகுதி ஒன்றைப் பெல்ஜிய மன்னருக்கு அன்பளிப்பாக அனுப்பினார். பிரசெல்ஸ் நகரில் இசைக்கருவிக் காட்சிச்சாலையைப் பொறுப்பேற்றிருந்த மஹியோன் என்பவர் அந்நான்கு வகை முறையைத் தமது பட்டியலுக்கு அடிப்படையாக்கினார். அதையே விரிவாக்கி, 1914இல் ஹோர்ன்பொஸ்டெல், சாக்ஸ் என்னும் இருவர் உலகக் கருவிகள் அனைத்துக்கும் பொருந்தும் வகைப்பாடு ஒன்றை வெளியிட்டனர். இன்றும் உலகெங்கும் காட்சிச்சாலைகள் அதனைப் பின்பற்றுகின்றன.

அந்த வகைப்பாட்டில் கருவியின் விலைக்கு இடமில்லை. அது கோயிலில் ஒலித்ததா கடற்கரையில் ஒலித்ததா என்பதற்கும் இடமில்லை. ஓசை எழும்போது அதிர்வது எது என்ற ஒன்றையே அது கேட்கிறது. நரம்பு அதிர்ந்தால் ஒரு வகை, தோல் அதிர்ந்தால் இன்னொரு வகை, காற்று அதிர்ந்தால் வேறொரு வகை, கருவியின் உடலே அதிர்ந்தால் மற்றொரு வகை. வீணைக்கு ஓர் இடம் இருப்பதுபோலவே ஒன்றோடொன்று தட்டும் இரண்டு சிரட்டைகளுக்கும் அதில் ஓர் இடம் உண்டு.

ஏட்டிலிருந்து எழுந்த யாழ்

இசைக்கருவி ஆராய்ச்சி என்றவுடன் ஈழத்துத் தமிழர் நினைவுக்கு முதலில் வருபவர் சுவாமி விபுலானந்தர். 1892இல் காரைதீவில் மயில்வாகனனாகப் பிறந்தவர். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும், 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டப் பரீட்சையிலும் சித்தியடைந்தார். தமிழும் பௌதிகமும் ஒருவரிடத்தில் கூடியதால்தான் யாழ்நூல் பிறந்தது.

அவர் எடுத்துக்கொண்ட சிக்கல் இதுதான். சங்கப் பாடல்களில் யாழ் உண்டு. சிலப்பதிகாரத்தில் உண்டு. தேவாரக் காலத்தில் திருஞானசம்பந்தரோடு ஊர் ஊராகச் சென்ற திருநீலகண்ட யாழ்ப்பாணரின் கையில் உண்டு. அவரோடு சேர்ந்து பாடிய மனைவியார் மதங்கசூளாமணியின் பெயரையும் நாம் மறக்கக் கூடாது. பின்னர் யாழ் வழக்கொழிந்தது. ஒரு நகரத்தின் பெயரில் யாழ் நிலைத்திருக்க, அதை வாசிக்கத் தெரிந்த ஒருவரும் இல்லாமற் போயினர்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் யாழாசிரியனைப் பற்றி வரும் அடிகளை விளக்கப் புகுந்தவர், ஏறத்தாழ 14 ஆண்டுகள் அந்த ஆராய்ச்சியில் மூழ்கினார். வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் ஆகியவற்றின் வடிவங்களை ஆராய்ந்தார். பேரியாழுக்கு 21 நரம்பு, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என உரையாசிரியர்கள் தந்த எண்களைக் கணக்கோடு வைத்துப் பார்த்தார். நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் அதே சுரம் மேல் தானத்தில் ஒலிக்கும். மூன்றில் இரண்டாக்கினால் குரலிலிருந்து இளி பிறக்கும். இத்தகைய அளவுகளைக் கொண்டு பழந்தமிழ்ப் பண்களின் சுரங்களை அவர் மீட்டெடுக்க முயன்றார்.

கரந்தைத் தமிழ்ச் சங்கம் பதிப்பித்த யாழ்நூல் 1947 ஜூன் மாதம் 5ஆம், 6ஆம் திகதிகளில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அவர் அமைத்த யாழ்களும் அங்கே காட்சி தந்தன. நோயுற்றிருந்த சுவாமிகள் அதே ஆண்டு ஜூலை 19ஆம் திகதி மறைந்தார். அரங்கேற்றத்தைக் கண்ட பின் அவர் வாழ்ந்தது ஆறு வாரங்களே.

அவருக்கு முன்னரே தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் தமிழிசையின் சுருதிகளை ஆராய்ந்து 1917இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டார். அதற்கு முந்திய ஆண்டில் பரோடாவில் அகில இந்திய இசை மாநாடு கூடியபோது, அவருடைய கொள்கையை வீணையில் வாசித்து மெய்ப்பித்துக் காட்டியவர்கள் அவருடைய மகள்மார் இருவர். ஏட்டில் எழுதியதைச் செவிக்குக் கொண்டுவந்த அப்பெண்களின் பங்கும் ஆராய்ச்சியின் ஒரு பாதிதான்.

ஆனால் யாழ்நூலுக்கு அந்த வாய்ப்பு முழுமையாகக் கிட்டவில்லை. சிலப்பதிகாரத்துக் கானல்வரியில், புகார்க் கடற்கரையில் மாதவி யாழை மீட்கும் இடத்தில், வார்தல், உருட்டல், அள்ளல் முதலாக எட்டு வகை விரற்செயல்கள் சொல்லப்படுகின்றன. பெயர்கள் எட்டும் நமக்குக் கிடைத்தன. அவற்றைச் செய்த விரல்களைக் கண்டவர் எவரும் இலர். 1920களின் இறுதியில் ஈராக்கின் ஊர் நகரத்துக் கல்லறைகளை அகழ்ந்த லெனாட் வூலிக்கும் இதே நிலை ஏற்பட்டது. மரம் மக்கிப் போன இடத்திலிருந்த வெற்றுக் குழிக்குள் சாந்தை ஊற்றி அவர் ஒரு யாழின் வடிவத்தைப் பெற்றார். வடிவம் வந்தது, அதில் வாசித்த பாட்டு வரவில்லை. ஒரு கருவி மறைந்த பின் தேடுபவர் எவ்வளவு பெரிய மேதையானாலும் அவர் கைக்கு எட்டுவது இவ்வளவுதான்.

சிராம்பியடியில் ஒரு பாட்டு

இதற்கு மாறான கதையொன்று நமது மாவட்டத்திலேயே உண்டு. புத்தளம் நகருக்கு அருகே உள்ளது சிராம்பியடி. அங்கே வாழும் சிறு சமூகத்தினர் ஆப்பிரிக்க வழித்தோன்றல்கள். காபிரி என்பது இலங்கையில் அவர்களுக்கு வழங்கும் பெயர். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரித்தானியர் ஆகிய மூவரும் ஆப்பிரிக்கரை இத்தீவுக்குக் கொண்டுவந்தனர். 19ஆம் நூற்றாண்டில் பிரித்தானியரின் படைப்பிரிவில் பணியாற்றியோரின் குடும்பங்கள் புத்தளத்தில் நிலைத்துவிட்டன. கத்தோலிக்கரான இவர்களின் முன்னோர் பேசியது போர்த்துக்கேயக் கலப்புமொழி. இன்று வீட்டில் வழங்குவது சிங்களம். அந்தப் பழைய மொழி பெரும்பாலும் பாட்டில் தங்கியிருக்கிறது. பாட்டின் பெயர் மஞ்சா.

மஞ்சாவில் சொற்கள் குறைவு. ஒருசில அடிகளே திரும்பத் திரும்ப வரும். மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக வேகம் கூடும். பாடுவோர் ஆடவும் தொடங்குவர். றபானும் டோலக்கும் தோற்கருவிகள். மற்றவை அடுப்படியிலிருந்து வந்தவை: சிரட்டைகள், கரண்டிகள், நாணயத்தால் தட்டும் கண்ணாடிப் போத்தல். பெண்களே முன்னின்று பாடி இதனைக் காத்து வந்திருக்கின்றனர்.

போர்த்துக்கேயரின் ஆட்சி இலங்கையில் 1658இல் முடிந்தது. எனினும் அவர்கள் விட்டுச் சென்ற கலப்புமொழி, கடற்கரைத் துறைமுகங்களில் பலரும் பேசும் பொதுமொழியாகப் பின்னரும் நெடுங்காலம் வழங்கியது. நாம் அமர்ந்து படித்த வாங்கும், புத்தகம் வைத்த அலுமாரியும், அதன் சாவியும், ஆசிரியையின் மேசையும் அந்தக் கப்பலில் வந்த சொற்களே. பைலா என்பது ஆடுதல் என்று பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. கலியாண வீட்டுப் பைலாவும் சிராம்பியடி மஞ்சாவும் ஆக ஒரே கடல்வழியில் வந்து சேர்ந்தவை.

இந்தத் தொடர்பைத் துலக்கிக் காட்டியவர்களுள் முக்கியமானவர் இலண்டனில் பணியாற்றும் இலங்கைப் பெண் ஆய்வாளர் ஷிஹான் டி சில்வா ஜயசூரிய. பிரித்தானிய ஆட்சிக்காலத்தில் இங்கே சிவில் சேவையிலிருந்த ஹியூ நெவில் திரட்டிய சுவடிகளோடு போர்த்துக்கேயக் கலப்புமொழிப் பாடல்களின் கையெழுத்துப் பிரதியும் பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. அதை ஆராய்ந்து அவர் 2001இல் ஒரு பாடல் தொகுப்பு வெளியிட்டார். சிராம்பியடி மக்களின் பாடலையும் ஆடலையும் நேரிற் கண்டு எழுதினார். இலண்டனில் இருந்த ஏடும் புத்தளத்தில் இருந்த குரலும் அவருடைய ஆய்வில் சந்தித்துக்கொண்டன. மட்டக்களப்பில் போர்த்துக்கேய வழிப் பறங்கியரின் மொழியையும் ஆடலிசையையும் வேறு ஆய்வாளர்கள் அண்மைக் காலத்தில் ஒலியாகவும் படமாகவும் பதிவு செய்திருக்கின்றனர்.

விபுலானந்தருக்கு யாழ் வாசிக்கும் ஒருவர் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பாரோ, அதைச் செய்ய மஞ்சாவை ஆராய்ந்தவர்களுக்கு வாய்ப்புக் கிடைத்தது. பாடும் பெண் எதிரே இருந்தார். மீண்டும் ஒருமுறை பாடுங்கள் என்று கேட்க முடிந்தது.

நமது கரையில் எஞ்சியிருப்பது

மாம்புரியையும் சூழவுள்ள ஊர்களையும் இப்போது நினைத்துப் பார்ப்போம். வலையை இழுக்க இயந்திரம் வரும் கரையில் அம்பாவுக்கு வேலையில்லை. றபானைத் தணலில் காய்ச்சிச் சுருதி கூட்டத் தெரிந்த கைகள் ஓய்கின்றன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு நமது மாவட்டத்துக்கு வந்த முஸ்லிம் குடும்பங்களின் மூதாட்டிகள், திரும்பிப் போக முடியாத ஊர்களின் தாலாட்டையும் கலியாணப் பாட்டையும் நெஞ்சில் சுமந்து வந்தனர். அவர்களுடைய பேத்திகள் நம் வகுப்புகளில் நம்மோடு படித்தவர்கள்.

இவற்றைப் பதிவு செய்யப் பேராசிரியர் ஒருவர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இத்தாலியிலோ கனடாவிலோ வளைகுடாவிலோ இருந்து விடுமுறைக்கு ஊர் வரும் நம் ஒவ்வொருவர் கையிலும் ஒலிப்பதிவு செய்யும் தொலைபேசி இருக்கிறது. ஆய்வாளர்களின் முறையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை சிலவே.

பாடுபவரின் அனுமதியை முதலில் கேட்போம். அவருடைய பெயர், ஊர், பிறந்த ஆண்டு, யாரிடம் எப்போது கற்றார், எந்த வேளையில் பாடுவார் என்பவற்றை எழுதுவோம். கருவியானால் எந்த மரம், எந்தத் தோல், யார் கட்டியது, எப்படிச் சுருதி கூட்டுவது என்று கேட்போம். வாசிக்கும் கையையும் படம் பிடிப்போம். பாட்டை இடையில் நிறுத்தாமல் முழுவதும் பதிவு செய்வோம். பொருள் விளங்காத சொல் வந்தால் அதைத் திருத்த வேண்டாம். சிராம்பியடிப் பெண்கள் தமது அன்றாடப் பேச்சில் இல்லாத சொற்களை அப்படியே பாடி வந்ததனால்தான் பின்வந்த ஆய்வாளரால் அவற்றின் பொருளைக் காண முடிந்தது.

நமது பாடசாலை நூலகத்தில் இதற்கென ஓர் அலுமாரியை ஒதுக்கலாம் என்பது இம்மலரின் வழியாக நாம் சங்கத்தின் முன் வைக்கும் வேண்டுகோள். பதிவுகளின் பிரதியும் எழுத்துக் குறிப்பும் அங்கே இருந்தால், நாளை பல்கலைக்கழகத்தில் இசை படிக்கப் போகும் நமது மாணவி தனது ஆய்வைத் தனது ஊரிலேயே தொடங்கலாம். அடுத்த விடுமுறைக்கு ஊர் வரும்போது பெரியம்மாவையோ உம்மம்மாவையோ ஒருநாள் பின்னேரம் பாடச் சொல்லிக் கேளுங்கள். அந்தப் பதிவே அலுமாரியின் முதல் தட்டில் இருக்கட்டும்.