சூளகிரி: மலையும் சாலையும் ஊராட்சியும்

பெங்களூரிலிருந்து சென்னைக்கோ சேலத்துக்கோ போகிறவர்களுக்கு சூளகிரி என்றால் ஒரு மேம்பாலமும், இடது பக்கம் தெரியும் ஒரு மலையும்தான். ஓசூர் தாண்டி அரை மணி, கிருஷ்ணகிரிக்கு முன்னால் அரை மணி, அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் ஊரின் கதை துண்டு துண்டாகத்தான் தெரியும். பெருமாள் கோயில் கதை ஒருவருக்கு, பாளையக்காரர் கதை ஒருவருக்கு, பஞ்சாயத்துத் தேர்தல் கதை இன்னொருவருக்கு. வருவாய்த் துறையில் கணக்கு பார்த்தே காலம் கழித்தவன் என்பதால், இவற்றை ஒரே வரிசையில் வைத்துப் பார்க்க ஆசைப்பட்டேன்.

முதலில் நில அமைப்பு. கிருஷ்ணகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரம். ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர். இந்த இரண்டுக்கும் நடுவில் நிலம் படி ஏறுகிறது. அந்தப் படியில்தான் நம் ஊர் இருக்கிறது. கீழேயிருந்து வருகிறவருக்குக் காற்று மாறுவது இங்கேதான் தெரியும். மலையின் முகடு திரிசூலம் போலத் தெரிவதால் சூலகிரி, அதுவே பேச்சில் சூளகிரி ஆனது என்று பெரியவர்கள் சொல்வார்கள். தண்ணீருக்கு நமக்கு வாய்த்தது சின்னாறு. அதில் ஒரு சிறிய அணை இருக்கிறது. நந்தி மலையில் பிறந்து, கெலவரப்பள்ளி அணை வழியாகக் கிருஷ்ணகிரி அணைக்குப் போகும் தென்பெண்ணையின் படுகைதான் இது. ஆனால் பெரிய ஆற்றின் பாசனம் நம் மேட்டு நிலத்துக்கு ஏறவில்லை. ஏரி, கிணறு, பிறகு போர்வெல். இதை வைத்துத்தான் பிழைப்பு.

அதனால்தான் ராகி, கொள்ளு, அவரை என்று மானாவாரிப் பயிர்கள் இங்கே நிலைத்தன. கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் கிடைத்ததும் தக்காளி, கொத்தமல்லி, புதினா என்று வந்தது. சூளகிரி கொத்தமல்லி வெளியூர்ச் சந்தைகளில் பெயர் வாங்கியது சும்மா இல்லை. குளிர்ச்சியான காற்று, நாற்பது நாளை ஒட்டிக் கைக்கு வரும் பயிர், வாசலிலேயே நெடுஞ்சாலை. மாலையில் அறுத்துக் கட்டினால் விடிவதற்குள் சென்னையிலோ பெங்களூரிலோ இறங்கிவிடும். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவனும் இதில் பிழைத்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

மனிதர்கள் இந்த மேட்டுக்கு எப்போது வந்தார்கள்? நெடுஞ்சாலையிலிருந்து அதிக தூரமில்லாத மல்லசந்திரத்துப் பாறைமேட்டில் பெரிய பலகைக் கற்களை நிறுத்தி மூடிய கற்திட்டைகள் கூட்டமாக நிற்கின்றன. நம் ஆட்கள் பாண்டவர் வீடு என்று கதை சொல்வார்கள். அவை பெருங்கற்கால மக்கள் இறந்தவர்களுக்கு எழுப்பியவை. மாவட்டத்தின் மறுபக்கம் பர்கூர் அருகே மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு சுமார் 4,200 ஆண்டுப் பழமை உடையது என்று 2022இல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். நடுகற்களுக்கும் இந்த மாவட்டத்தில் குறைவில்லை. மாடு மீட்கப் போய் மாண்டவன், ஊரைக் காக்க நின்றவன் என்று ஒவ்வொரு கல்லும் ஒரு சாவைச் சொல்லும். ஆக, இது யாரும் இல்லாத வறண்ட மேடாக ஒருபோதும் இருந்ததில்லை.

விஜயநகர ஆட்சியின் காலத்திலும் அதற்குப் பின்னும் இந்தப் பக்கம் பாளையக்காரர்கள் கைக்கு வந்தது. பாகலூர், பேரிகை, சூளகிரி ஆகியவை ஓசூர் வட்டாரத்துப் பாளையங்கள். தெலுங்கும் கன்னடமும் தமிழும் நம் தெருவில் கலந்தது இந்தக் காலங்களில்தான். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், கச்சேரியில் தமிழ் என்று மூன்றையும் ஒரே நாளில் பேசுகிறவர்கள் இன்றும் நம்மிடையே உண்டு. பின்னர் மைசூர் ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆட்சி.

மைசூர்ப் போர்களில் இந்த மலைச்சரிவுக்கு ஒரு முக்கியத்துவம் இருந்தது. மைசூர் மேட்டுக்கு ஏறும் வழிகள் இங்கேதான். ராயக்கோட்டையை ஆங்கிலேயர் 1791இல் பிடித்தார்கள். அடுத்த ஆண்டு, 1792இல், ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கிருஷ்ணகிரி, தர்மபுரி உள்ளிட்ட பாராமகால் கும்பினியார் கைக்குப் போனது. ஆனால் மேட்டில் இருந்த ஓசூர்ப் பகுதி திப்புவிடமே நின்றது. 1799இல் திப்பு வீழ்ந்த பிறகுதான் அதுவும் கும்பினியிடம் வந்தது. நடுவில் ஏழு ஆண்டுகள், கீழே ஒரு அரசு, மேலே ஒரு அரசு. எல்லை ஊர் என்பது நமக்குக் கர்நாடகம் தமிழ்நாடு என்று பிரிந்த பிறகு வந்த பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு முன்பே நாம் எல்லையில்தான் இருந்தோம்.

பாராமகாலுக்கு 1792இல் கலெக்டராக வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருக்கு உதவியாக வந்தவர் தாமஸ் மன்றோ, பிற்காலத்தில் சென்னை மாகாண கவர்னர். நிலத்தை அளந்து, இடையில் ஜமீன்தார் இல்லாமல் உழுகிறவன் பெயரிலேயே தீர்வை எழுதும் ரயத்துவாரி முறைக்கு விதை போட்டது இந்த வட்டாரத்தில்தான். மாகாணம் முழுக்கப் பரவிய பட்டா, சிட்டா, அடங்கல், ஜமாபந்தி என்ற சங்கிலிக்கு வேர் பாராமகாலில் இருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை. ஆனால் மேட்டில் பாளையங்கள் பேஷ்குஷ் கட்டிக்கொண்டு நீடித்தன. கீழே குடியானவன் நேராக சர்க்காருக்கு, மேலே குடியானவன் பாளையக்காரருக்கு. 1948ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்துதான் இந்த மாதிரி ஜமீன் கிராமங்கள் ரயத்துவாரிக்குள் வந்தன. அதாவது, நிலம் தன் பெயரில் எழுதப்பட்டதைப் பல குடும்பங்கள் பார்த்தது நம் தகப்பன்மார் காலத்தில்தான்.

ரயில் நம்மைத் தொடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மொரப்பூரிலிருந்து தர்மபுரி வழியாக ஓசூருக்கு ஒரு குறுகிய ரயில் பாதை போட்டார்கள். அது ராயக்கோட்டை பக்கமாகப் போனது. 1941இல் அதையும் மூடிவிட்டார்கள். இன்றைய சேலம் பெங்களூர் பாதையும் ராயக்கோட்டை வழிதான். ஆகவே சூளகிரிக்கு எது வந்தாலும் சாலை வழியாகவே வந்தது. நல்லதும் அப்படித்தான், மற்றதும் அப்படித்தான்.

ஆட்சி எல்லைகள் மாறிய கதையையும் சொல்லிவிடுகிறேன். சேலம் மாவட்டம், ஓசூர் தாலுகா என்றுதான் நம் பெரியவர்களின் பத்திரங்களில் இருக்கும். 1956இல் மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்தபோது ஓசூர் சென்னை மாநிலத்தில் நின்றது. 1965 அக்டோபர் 2 முதல் தர்மபுரி மாவட்டம். 2004 பிப்ரவரி 9 முதல் கிருஷ்ணகிரி மாவட்டம். அதன்பின் ஓசூர் வட்டத்திலிருந்து பிரிந்து சூளகிரியே தனி வட்டம். சட்டமன்றத்துக்கு வேப்பனஹள்ளித் தொகுதி. ஒரே வீட்டில் தாத்தாவின் பத்திரத்தில் ஒரு மாவட்டம், அப்பாவுடையதில் ஒன்று, பேரனுடையதில் ஒன்று. வீடு மட்டும் நகரவில்லை.

இனி ஊராட்சிக்கு வருவோம். 1958ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டத்தில் ஊராட்சி ஒன்றியங்கள் வந்தன. சூளகிரி ஒன்றியத்தில் 42 ஊராட்சிகள். குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை, வீட்டு வரி ஊராட்சியிடம். பெரிய வேலைகள் ஒன்றியத்திடம். அமைப்பு நல்லதுதான். தேர்தல்தான் சீராக நடக்கவில்லை. 1970இல் நடந்தது, அடுத்தது 1986இல். அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தமும் 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் வந்த பிறகு 1996, 2001, 2006, 2011 என்று ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒழுங்காக நடந்தது. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2019 டிசம்பரில்தான் நடந்தது. அப்போது தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்து, மறுபடியும் தனி அலுவலர்.

தனி அலுவலர் என்றால் கிராம ஊராட்சிகளுக்கு வட்டார வளர்ச்சி அலுவலர். நாற்பத்திரண்டு ஊராட்சிக்கும் தலைவர் வேலையை ஒருவர் பார்க்க வேண்டும். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நாற்பத்திரண்டு ஊர்க் குழாயடிக்குப் போக முடியாது. தலைவர் இருந்தால் காலையில் அவர் வீட்டு வாசலில் நின்று, ‘ஏப்பா, மோட்டார் கெட்டு மூணு நாளாச்சு’ என்று கேட்கலாம். அவரும் அடுத்த தேர்தலை நினைத்து வருவார். ஊராட்சியின் உண்மையான பலம் சட்டப் புத்தகத்தில் இல்லை, அந்த வாசலில் இருக்கிறது.

இதோடு இன்னொரு விஷயம். மாவட்டத்தில் ஆறு பேரூராட்சிகள் உண்டு: பர்கூர், காவேரிப்பட்டணம், ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம், நாகோஜனஹள்ளி. 2019 தேர்தலில் சூளகிரி கிராம ஊராட்சியாகத்தான் ஓட்டுப் போட்டது. ஓசூர் அதே ஆண்டு பிப்ரவரியில் மாநகராட்சியே ஆகிவிட்டது. வட்டத் தலைமையிடம், நெடுஞ்சாலை, சந்தை, வெளியூர்த் தொழிலாளர்கள் என்று நகரத்தின் சுமை முழுக்க ஒரு கிராம ஊராட்சியின் தலையில். பேரூராட்சி ஆக்குங்கள் என்று ஒரு கட்சி, வேண்டாம் என்று ஒரு கட்சி. ஆனால் குப்பை, சாக்கடைக்கு ஆளும் பணமும் கூடும். அதே நேரம் வரி கூடும், நூறு நாள் வேலை போய்விடும், கிராம சபை என்பதும் பழையபடி இருக்காது. கடைவீதியில் இருப்பவருக்கு லாபம், காட்டோரம் இருக்கும் விதவைத் தாய்க்கு நஷ்டம். இந்தப் பெயர் மாற்றம் விளையாட்டல்ல. 2004இல் தமிழ்நாட்டில் 561 பேரூராட்சிகளைச் சிறப்புக் கிராம ஊராட்சிகள் என்றார்கள், 2006இல் திரும்பவும் பேரூராட்சி என்றார்கள். பலகை எழுதினவனுக்குத்தான் இரண்டு முறை கூலி.

இதெல்லாம் ஏன் இன்று முக்கியம்? எழுபதுகளில் ஓசூரில் சிப்காட் வந்தது. பின்தங்கிய மாவட்டம், பக்கத்தில் பெங்களூர், இதமான தட்பவெப்பம். அசோக் லேலண்ட், டிவிஎஸ், பிறகு டைட்டன் என்று 1980களில் தொழிற்சாலைகள் நின்றன. நம் பிள்ளைகள் பலர் அங்கே வேலை பார்த்துத்தான் வீடு கட்டினார்கள். அதை மறுக்க மாட்டேன். ஓசூரில் இடம் நிறைந்தபின் பார்வை நம் வட்டத்தின் பக்கம் திரும்பியது. உத்தனப்பள்ளி, நாகமங்கலம், அயர்னப்பள்ளி ஊராட்சிகளில் புதிய சிப்காட்டுக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து 2023இல் விவசாயிகள் நாள் கணக்கில் உத்தனப்பள்ளியில் உட்கார்ந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம்.

இங்கே சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். மத்திய அரசின் 2013ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டம், சமூகத் தாக்க மதிப்பீடு வேண்டும் என்கிறது. தனியாருக்கும் கூட்டுத் திட்டங்களுக்கும் எடுத்தால் நிலக்காரர்களின் சம்மதமும் வேண்டும் என்கிறது. ஆனால் நம் மாநிலத்தில் தொழிற்சாலைக்கு நிலம் எடுப்பது 1997ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தின் கீழ். அதற்கு இந்த மதிப்பீடும் சம்மதமும் கட்டாயமில்லை. 2019இல் உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. அரசு உடனே புதுச் சட்டம் போட்டு உயிர் கொடுத்தது, 2021இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆகவே கிராம சபை ‘எங்கள் நிலம் வேண்டாம்’ என்று தீர்மானம் போட்டாலும் அது அரசைக் கட்டுப்படுத்தாது.

அப்படியானால் தீர்மானம் எதற்கு என்று கேட்பீர்கள். எழுத்தில் இருப்பதற்குத்தான். எத்தனை கிணறு, எத்தனை ஏக்கர் கொத்தமல்லி, யார் குத்தகைக்கு உழுகிறார், எந்த வண்டிப் பாதை அடைபடும், எந்த ஏரிக்கு வரும் கால்வாய் மூடப்படும் என்பது கோட்டையில் இருப்பவருக்குத் தெரியாது. வரைபடத்தில் அது ஒரு காலி மேடு. ஊராட்சி மன்றம் கூடி, நடவடிக்கைப் புத்தகத்தில் ஏறினால்தான் நாளைக்கு ஒரு அதிகாரியோ ஒரு நீதிபதியோ திருப்பிப் பார்க்க ஒரு காகிதம் இருக்கும். தேர்ந்தெடுத்த மன்றமே இல்லாத காலத்தில் நிலம் போனால், பறிபோனது என்ன என்பதற்கே சாட்சி இருக்காது.

கடைசியாக என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி, இவற்றோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் கிராம சபை கூட வேண்டும். தனி அலுவலர் காலத்திலும் போங்கள். கையெழுத்து மட்டும் போட்டுத் திரும்பாமல், தீர்மானத்தை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் பேரனை உட்காரவைத்து உங்கள் காட்டின் பெயரையும் சர்வே நம்பரையும் ஏரிக் கால்வாய் போகும் வழியையும் எழுதவையுங்கள். ரீட் துரையும் மன்றோ துரையும் இந்த மண்ணை அளந்து எழுதியது வரி வாங்குவதற்காக. நாம் எழுத வேண்டியது நம் பிள்ளைகளுக்காக.