சட்டத்தரணி மரணமானால் முற்பணம் என்னவாகும்?

காணி வழக்கொன்றைத் தொடங்கும் குடும்பம் முதலில் தேடுவது நல்லதொரு சட்டத்தரணியை. அடுத்துத் தேடுவது அவருக்குச் செலுத்த வேண்டிய முற்பணத்தை. வெளிநாட்டிலுள்ள பிள்ளை அனுப்பிய பணமாகவோ, அடகு வைத்த நகையின் பெறுமதியாகவோ அது இருக்கும். பங்கீட்டு வழக்குகள் தலைமுறை கடந்தும் நீடிக்கும் நமது நாட்டில், வழக்கு முடிவதற்கு முன்னரே சட்டத்தரணி காலமாகிவிடுவது அபூர்வமானதல்ல. அவ்வேளையில் கட்சிக்காரர்கள் பலரும் “போனது போனதுதான்” என்று ஒதுங்கிவிடுகின்றனர். சட்டம் அவ்வாறு கூறவில்லை.

பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் வழக்கைக் காப்பாற்றிக் கொள்ள வேண்டும். குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 27 ஆம் பிரிவின்படி, பதிவுபெற்ற சட்டத்தரணிக்கு வழங்கிய நியமனம், அதாவது வழக்கத்தில் ‘புறொக்சி’ எனப்படுவது, அவரது மரணத்துடன் முடிவுக்கு வருகின்றது. தீர்ப்புக்கு முன்னர் அவர் இறந்தால், வேறொருவரை நியமிக்குமாறு கட்சிக்காரருக்கு அறிவித்தல் கொடுத்து 30 நாட்கள் கழியும்வரை அவருக்கு எதிராக வழக்கை மேற்கொண்டு நடத்த முடியாது என்று 28 ஆம் பிரிவு கூறுகின்றது. ஆனால் இப்பாதுகாப்பு தீர்ப்புக்கு முந்திய காலத்துக்கே உரியது. தீர்ப்பின் பின்னர் மேன்முறையீட்டு அறிவித்தலுக்கு உரியவை 14 நாட்கள் மட்டுமே (ஞாயிறும் பொது விடுமுறையும் இதில் சேரா). மனுவுக்கு 60 நாட்கள். துக்க வீட்டுக்குப் போய்ப் பணம் கேட்பது முறையாகாது என்று தயங்குபவர்கள், இந்த நாட்களையும் தயக்கத்திலேயே கழித்துவிடக் கூடாது.

இனிப் பணத்துக்கு வருவோம். சட்டத்தரணியின் சேவை அவருடைய தனிப்பட்ட திறமையை நம்பிப் பெறப்படுவது. எனவே அவரது மரணத்துடன் அந்த ஒப்பந்தமும் முடிவடைகின்றது. அவரது பிள்ளையும் சட்டத்தரணியாக இருந்தாலும் வழக்கு தானாகவே பிள்ளையின் கைக்குப் போய்விடாது. செய்து முடித்த வேலைக்கான நியாயமான கட்டணம் இறந்தவரின் ஆதனத்துக்கு உரியது. செய்யாத வேலைக்காகப் பெற்ற மீதி கட்சிக்காரருக்கு உரியது. ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியாகப் பணம் கட்டியவர்களுக்கு மீளப் பெற வேண்டியது பெரும்பாலும் இராது. முழு வழக்குக்குமென ஒரே தொகையைக் கொடுத்தவர்களே பாதிக்கப்படுகின்றனர். வழக்கேடு தாக்கல் செய்யப்பட்டதா, விளக்கம் ஆரம்பமாகியதா, எத்தனை தவணைகளில் அவர் தோன்றினார் என்பவற்றை நீதிமன்றப் பதிவேட்டிலிருந்து அறிந்துகொண்டே மீதியைக் கணக்கிட வேண்டும்.

அப்புக்காத்து, பிறக்கிராசியார் என்ற பிரிவு 1974 இல் ஒழிந்து அனைவரும் சட்டத்தரணிகளாயினர். ஆயினும் வாதாடுபவர் ஒருவர், அவருக்கு அறிவுறுத்தல் கொடுப்பவர் மற்றொருவர் என்ற நடைமுறை புதுக்கடையிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இன்றும் உள்ளது. இறந்தவர் வாதாடும் சிரேஷ்ட சட்டத்தரணி எனில், பணம் அவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டதா என்பதை அறிவுறுத்திய சட்டத்தரணியிடமே முதலில் கேட்க வேண்டும். அவர் கையிலேயே அது இருக்கவும் கூடும்.

மீதியைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு விதவையையோ பிள்ளைகளையோ தனிப்பட்ட முறையில் சாராது. அது ஆதனத்தின் மீதான கடனாகும். மரணசாதன வழக்குத் தொடரப்பட்டிருந்தால் நிறைவேற்றுநரிடம் அல்லது நிருவாகியிடம் எழுத்து மூலம் கோர வேண்டும். அவ்வழக்கு இறந்தவர் வாழ்ந்த பகுதியின் மாவட்ட நீதிமன்றத்தில் இருக்கும். அறிவித்தல்கள் பத்திரிகைகளில் வெளிவரும். வழக்கு எதுவும் இல்லையெனில், வாரிசுகள் தமக்குக் கிடைத்த சொத்தின் அளவுக்கே பொறுப்பாவர். தேசவழமையின் கீழ் வந்தாலென்ன, பொதுச் சட்டத்தின் கீழ் வந்தாலென்ன, கடன் தீர்ந்த பின்னரே பங்கு. அடக்கச் செலவும் கடனும் கழிந்த பின்னரே வஸிய்யத்தும் வாரிசுரிமையும் என்பது முஸ்லிம் வாசகர்கள் நன்கறிந்த விதியாகும். சட்டத்தரணி வாங்கிய முற்பணமும் இந்தக் கடனில் அடங்கும்.

உண்மையான சிக்கல் சான்றில்தான் உள்ளது. இறந்தவர் எழுந்து வந்து மறுக்க முடியாது என்பதால், அவரது ஆதனத்துக்கு எதிரான கோரிக்கைகளை நீதிமன்றங்கள் மிகுந்த எச்சரிக்கையுடனேயே நோக்குகின்றன. “கையில் கொடுத்தேன்” என்ற வார்த்தை போதாது. அதேவேளை, 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 32 ஆம் பிரிவு, இறந்தவர் தமது தொழிலின்போது புத்தகத்தில் எழுதிய பதிவையும், பணம் பெற்றதாக அவர் கையொப்பமிட்ட பற்றுச்சீட்டையும் ஏற்கத்தக்க சான்றாக்குகின்றது. வங்கிச் சீட்டு, காசோலையின் அடிக்கட்டை, கோவையின் மட்டையில் எழுதி வைத்த தொகை, எழுதுவினைஞரின் குறிப்பேடு ஆகியன அனைத்தும் பெறுமதியுடையவை. ஆகவே கோவையை எடுக்கச் செல்பவர்கள் உள்ளே இருப்பதைப் பார்த்து, உறுதிகளுக்குப் பட்டியல் எழுதி, கையொப்பமிட்டுப் பெற வேண்டும். கட்டணம் முழுவதும் செலுத்தப்பட்டிருக்கையில் கோவையைத் தடுத்து வைக்க எவருக்கும் நியாயமில்லை.

கால எல்லையும் உண்டு. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி எழுத்திலான ஒப்பந்தத்துக்கு 6 வருடங்கள். எழுத்தில் இல்லாததற்கு 3 வருடங்கள். நம்மவர்களில் பெரும்பாலானோர் இரண்டாவது வகையினர் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நொத்தாரிசாகவும் கடமையாற்றிய சட்டத்தரணியிடம் முத்திரைத் தீர்வைக்கெனக் கொடுத்த பணம் வேறு வகையானது. சொத்து மாற்றத்தில் முதல் ஒரு இலட்சம் ரூபாவுக்கு 3 வீதமும் எஞ்சியதற்கு 4 வீதமும் என்பதால், அது பல வேளைகளில் கட்டணத்தை விடப் பெரிய தொகையாகும். அது அவருடைய சம்பாத்தியமல்ல. மாகாண சபைக்குச் செலுத்துவதற்காக ஒப்படைக்கப்பட்டது. செலுத்தப்படாதிருந்தால் முழுத் தொகையையும் கோரலாம். உறுதி பதிவாகியதா என்பதைக் காணிப் பதிவகத்தில் உடனே தேடிப் பார்க்க வேண்டும். இறந்த நொத்தாரிசின் மூலப்பிரதிகளும் அங்கேயே ஒப்படைக்கப்பட வேண்டியவை.

இறந்தவர்மீது ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்க இயலாது என்பதால் உயர் நீதிமன்றத்துக்கு முறைப்பாடு செய்வதில் பயனில்லை. தொகை சிறிதாயின் மத்தியஸ்த சபை உகந்தது. வசதியற்றோர் 1978 இல் சட்டமாக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவின் மாவட்ட அலுவலகத்தை நாடலாம். எமது அனுபவத்தில், சட்டத்தரணிகளின் குடும்பத்தினர் பலர் கணக்கைக் காட்டினால் கொடுக்கவே விரும்புகின்றனர். தடையாக இருப்பது கணக்கு இல்லாமையே. பற்றுச்சீட்டுக் கேட்பதை அவமரியாதையாகக் கருதும் சட்டத்தரணிகளும், கேட்கக் கூசும் கட்சிக்காரர்களும் சேர்ந்தே இந்நிலையை உருவாக்கியுள்ளனர். பெற்ற தொகை, அது எந்த வேலைக்குரியது, வேலை நின்றால் மீதி எவ்வாறு திரும்பும் என்ற மூன்றையும் கட்சிக்காரரின் மொழியிலேயே எழுதிக் கொடுப்பதைச் சட்டத்தரணிகள் சங்கம் தனது உறுப்பினர்களிடம் வலியுறுத்த வேண்டும் என்பதே எமது கோரிக்கை. அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை; அரைப் பக்கத் தாள் போதும்.